கைக்குழந்தையைத் தூங்க வைப்பது எப்படி: பாய், தூளி, தொட்டில், ஏசி அறை வரை முழுமையான வழிகாட்டி

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும். முதல் சில மாதங்களில் அதன் பொழுதெல்லாம் படுக்கையில்தான் கழிகிறது. ஆனால் பிரசவத்துக்குத் தயாராகும் வீட்டில் ஜப்லா எத்தனை, துண்டு எத்தனை, பத்தியச் சாப்பாடு யார் சமைப்பது என்றெல்லாம் பேசுவார்கள். குழந்தை எதன் மேல் படுக்கும், அதைச் சுற்றி என்னென்ன கிடக்கும் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ‘பால் குடித்துவிட்டுத் தூங்கிய குழந்தை மூச்சுத்திணறி இறப்பு’ என்று செய்தித்தாளின் உள்பக்கத்தில் வரும் நாலு வரிச் செய்தியிலும் பழி பாலின் மேல்தான் விழும். படுக்கை எப்படி இருந்தது என்று அதில் இருக்காது.

இங்கே சொல்லியிருப்பது பிறந்தது முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு. அதிலும் முதல் 6 மாதத்தில் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. காரணம் தெரியாமல் தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்களில் சுமார் 90 சதவீதம் அந்த 6 மாதத்துக்குள் நடப்பவை. 1 முதல் 4 மாதம் வரை ஆபத்து உச்சத்தில் இருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

மூச்சு எப்படி அடைபடுகிறது

பெரியவர்கள் தூக்கத்தில் தலையணைக்குள் முகம் புதைந்தால் தானாகப் புரண்டுவிடுவோம். வெளிவிட்ட மூச்சே திரும்பத் திரும்ப உள்ளே போகும்போது ரத்தத்தில் கரியமில வாயு ஏறும், மூளை உடனே எழுப்பிவிடும். சில பச்சிளம் குழந்தைகளுக்கு இந்த எழுப்பும் வேலை இன்னும் சரியாகப் படிந்திருக்காது. முகத்துக்கு முன்னால் மெத்தென்ற துணியோ தலையணையோ இருந்தால் அங்கே ஒரு சின்னக் குழி உண்டாகி, பழைய மூச்சு அதிலேயே தேங்கும். குழந்தை அழாது, உதைக்காது, சத்தமே வராது. பக்கத்திலேயே அம்மா படுத்திருந்தும் தெரியாமல் போவது இதனால்தான்.

இன்னொரு வழியும் உண்டு. பிறந்த குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து வலுவில்லை. வளைந்த இடத்தில் கிடத்தினால் தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் முட்டும். மூச்சுக்குழாய் இன்னும் மென்மையானது என்பதால், மடங்கிய ரப்பர் குழாயைப் போல அது நெரிபடும். தூளியும் கார் சீட்டும் இந்த வகையில்தான் ஆபத்தாகின்றன.

மல்லாக்க. பகலிலும், இரவிலும், ஒவ்வொரு முறையும்

முதல் வேலை இதுதான். குழந்தையை முதுகு கீழே பட, முகம் மேலே பார்க்க, மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். அரை மணி நேரப் பகல் தூக்கத்துக்கும் இதே விதிதான்.

வீட்டில் முதலில் எழும் எதிர்ப்பு, “மல்லாக்கப் போட்டா பால் புரையேறிடும்டி” என்பது. கேட்க நியாயமாகவே தோன்றும். மல்லாந்து படுத்து நாம் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதே! ஆனால் எதுக்களிப்பது வேறு வழியில் வருகிறது. கழுத்தில் முன்பக்கம் மூச்சுக்குழாய், அதற்குப் பின்னால் உணவுக்குழாய். குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். வயிற்றிலிருந்து ஏறிவரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிறது: உணவுக்குழாய் மேலே, மூச்சுக்குழாய் கீழே. அப்போது எதுக்களித்த பால் மூச்சுக்குழாயின் வாயில் வந்து தேங்க வழி உண்டு. மல்லாந்த குழந்தை எதுக்களிக்கும்போது முகத்தைத் திருப்பித் துப்பும், அல்லது விழுங்கும், இருமும். அடிக்கடி எதுக்களிக்கும் குழந்தைக்கும் மல்லாக்கப் படுப்பதே சரி. தொண்டை அமைப்பிலேயே கோளாறுள்ள ஒரு சில குழந்தைகளுக்கு மட்டும் குழந்தை மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லலாம்.

குப்புறப் போடும் வழக்கம் நம் வீடுகளில் பெரிதாக இருந்ததில்லை. மேலை நாடுகளில்தான் சில பத்தாண்டுகள் மருத்துவர்களே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தை அசையாமல் ஆழ்ந்து தூங்குகிறது என்பது காரணம். அந்த ஆழ்ந்த தூக்கம்தான் வினையானது. நெதர்லாந்து 1987இலும், பிரிட்டன் 1991இலும், அமெரிக்கா 1994இலும் ‘மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தன. திடீர் சிசு மரணங்கள் சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் மேல் குறைந்தன. எந்த மருந்தும் ஊசியும் இல்லாமல், படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதில் வந்த பலன் அது.

நம் வீடுகளில் சிக்கல் ஒருக்களித்துப் படுக்க வைப்பதில் இருக்கிறது. முதுகுக்கு ஒரு சுருட்டிய துணி, வயிற்றுக்கு ஒரு குட்டித் திண்டு வைத்து நிறுத்துவார்கள். ஒருக்களித்த நிலை குழந்தைக்கு நிலையானதல்ல. லேசாகக் கால் உதைத்தாலே குப்புற உருண்டுவிடும். அப்போது அண்டக் கொடுத்த திண்டே முகத்துக்கு எதிரே வந்து நிற்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையைக் குப்புறப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வீட்டிலும் அப்படியே செய்யும் பெற்றோர் உண்டு. அங்கே ஒவ்வொரு மூச்சையும் இதயத்துடிப்பையும் கருவி கண்காணிக்கிறது, பக்கத்தில் நர்ஸ் நிற்கிறார். வீட்டுக்கு வந்தால் அந்தக் குழந்தைக்கும் மல்லாக்கத்தான்.

படுக்கையைத் தயார் செய்வது

இதில் ஏழை வீட்டுக்குத்தான் அனுகூலம். நல்ல கோரைப்பாய் ஒன்றும் பருத்தித் துணி ஒன்றும் போதும்.

பாயைச் சமமான தரையில் விரியுங்கள். அதன்மேல் ஜமக்காளம் அல்லது கனமான பருத்தி விரிப்பை இரண்டாக மடித்துப் போட்டு, நாலு ஓரத்தையும் இழுத்துப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கையால் தடவினால் சுருக்கம் வரக் கூடாது. சிறுநீருக்காக ரப்பர் ஷீட் போடுவதானால் அது துணிக்கு அடியில் இருக்கட்டும். மேலே போட்டால் வேர்வையில் கன்னம் ஒட்டிக்கொள்ளும், முகத்தோடு அப்பவும் செய்யும். இரவில் நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி துணி கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் குழந்தையின் படுக்கைக்கு வெளியே இருக்க வேண்டும்.

மெத்தையானால் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்தி எடுங்கள். உடனே சமமாக எழும்பினால் சரி. கை பதிந்த இடம் குழியாகவே நின்றால் அது குழந்தைக்கு ஆகாது. பழைய இலவம்பஞ்சு மெத்தை பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும்; நடுவில் பள்ளமும் ஓரத்தில் முடிச்சுமாக இருக்கும். பெரியவர்களுக்கு முதுகுவலிக்காக வாங்கும் மெமரி ஃபோமும் அப்படித்தான், உடலின் சூட்டில் இளகிக் குழிந்துவிடும்.

தொட்டில் வாங்குவதானால் மூன்று அளவுகளைப் பாருங்கள். கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. அதற்கு மேல் இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. தலைமாடு உயர்ந்திருக்கக் கூடாது. சளி பிடித்தால் தலைப்பக்கம் புத்தகம் வைத்து உயர்த்துவது வழக்கம். குழந்தை சரிந்து சரிந்து கால்மாட்டில் வந்து மடங்கிக் கிடக்குமே தவிர வேறு பலன் இல்லை. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடை செய்தது. தொட்டில் ஓரத்தில் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தைத் தடுப்பும் அதே சட்டத்தில் தடையானது.

இனி, வெளியே எடுக்க வேண்டியவை. சீமந்தத்துக்கும் பேர் வைக்கும் நாளுக்கும் பரிசாக வரும் குழந்தைப் படுக்கை செட்டில் ஒரு மெத்தை, ஒரு குட்டித் தலையணை, இரண்டு பக்கத் திண்டு, ஒரு போர்வை, மேலே மடக்குக் கொசுவலை எல்லாம் ஒரே நிறத்தில் அழகாக இருக்கும். மெத்தை அழுத்தமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தலையணையையும் திண்டுகளையும் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பொம்மை, கிலுகிலுப்பை, கழற்றிப் போட்ட துண்டு, பால் துடைக்கும் துணி எதுவும் படுக்கையில் மிஞ்சக் கூடாது.

கடுகுத் தலையணை தனியாகச் சொல்ல வேண்டியது. தலை உருண்டையாக வரும் என்று பல வீடுகளில் தைத்துக் கொடுக்கிறார்கள். தலைக்குப் பின்னால் உயரம் கூடுவதால் தாடை நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும். தையல் விட்டால் கடுகு வாயிலும் மூக்கிலும் போகும். தலை வடிவத்துக்கு இது அவசியமும் இல்லை. அதற்கான வழி பின்னால் வருகிறது.

அம்மா பக்கத்திலா, தனியாகவா?

குறைந்தது முதல் 6 மாதம் குழந்தை பெற்றோர் தூங்கும் அறையிலேயே தூங்க வேண்டும். ஆனால் தனிப் பரப்பில். இது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. நம் வீட்டில் இதைச் செய்வது எளிது: அம்மாவின் பாயை ஒட்டாமல் ஒரு முழ இடைவெளி விட்டுக் குழந்தைக்குத் தனிப் பாய். கை நீட்டினால் தொட முடியும், புரண்டால் மேலே விழ முடியாது.

ஒரே படுக்கையில்தான் தூங்குவோம் என்ற வீடுகள் ஏராளம் என்பதும் உண்மை. பிரிட்டனில் வாழும் தெற்காசியக் குடும்பங்களில் தாயோடு குழந்தை தூங்குவது சகஜம். ஆனாலும் அங்குள்ள வெள்ளையர் குடும்பங்களைவிட இவர்களிடம் திடீர் சிசு மரணம் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. தாய்மார்கள் புகைப்பதோ குடிப்பதோ இல்லாததும், தாய்ப்பால் கொடுப்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானவை. அதனால் பக்கத்தில் படுப்பதே கொலைக்குற்றம் என்று பயமுறுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. எந்த நிலையில் ஆபத்து பலமடங்கு ஏறுகிறது என்று தெரிந்துவைத்திருப்பது மேல்.

படுக்கையில் இருக்கும் யாராவது புகைபிடிப்பவராக இருந்தால், அன்று மது அருந்தியிருந்தால், தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்டிருந்தால் (சளி மருந்து, வலி மாத்திரை சிலவும் இதில் சேரும்) குழந்தை அந்தப் படுக்கையில் இருக்கவே கூடாது. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, 4 மாதம் ஆகாத குழந்தை என்றால் தனிப் பாய்தான். சோபாவும் சாய்வு நாற்காலியும் எல்லாவற்றையும்விட மோசம். குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு அப்பா டிவி பார்த்தபடியே சோபாவில் கண்ணயர்வது பார்க்க அழகான காட்சி. குழந்தை நழுவிச் சோபாவின் முதுகுக்கும் கைக்கும் நடுவே முகம் புதைந்து மாட்டுவது அந்த இடத்தில்தான்.

இதையெல்லாம் தவிர்த்தும் சேர்ந்து படுப்பதானால், கட்டிலைவிடத் தரைப் பாய் நல்லது. குழந்தை அம்மாவுக்கு ஒரு பக்கம் மட்டும். இருவருக்கும் நடுவே வேண்டாம், மூத்த குழந்தைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அம்மாவின் தலையணையும் போர்வையும் குழந்தையின் தலைக்கு ஓர் அடி தள்ளி இருக்கட்டும். கூந்தலைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். முந்தானையோ துப்பட்டாவோ இல்லாத நைட்டி வசதி. நீளமான தாலிக் கொடியைப் பின்பக்கம் போட்டுக்கொள்ளலாம். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் குழந்தையைக் கிடத்துவது பாதுகாப்பு மாதிரித் தெரியும்; மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்துதான் ஆளை விழுங்கும்.

தூளி

தூளி, தூரி, ஏணை, சேலைத் தொட்டில் என்று ஊருக்கொரு பேர். அழுகிற குழந்தையை அமர்த்த அதைவிட நல்ல சாதனம் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் அது அமர்த்தும் இடம். இரவெல்லாம் தூங்கும் இடமல்ல. கழுத்து நிற்காத மாதங்களில், அதாவது முதல் 3, 4 மாதம், குழந்தை தூளியில் கண் மூடியதும் எடுத்துப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிடுங்கள்.

போடுவதானால் இப்படிப் போடுங்கள். பழைய பருத்திச் சேலை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நைந்த இடம் இல்லாதது. பாலியஸ்டர் சேலை முடிச்சு வழுக்கும், காற்றும் போகாது. கட்டுவது விட்டத்திலோ சுவரில் பதித்த தொட்டில் கொக்கியிலோ இருக்கட்டும். மின்விசிறி மாட்டும் கொக்கியில் வேண்டாம். சேலையின் இரு பக்கத்தையும் விரித்து வைக்கும் தொட்டில் கட்டையைக் கட்டாயம் போடுங்கள். கட்டை இல்லாத தூளி குழந்தையின் முகத்தை இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும், உடலையும் வில்லாக வளைக்கும். அடிப்பாகம் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போக வேண்டாம், கீழே மடித்த பாய் இருக்கட்டும். குழந்தையை விடுமுன் உங்கள் கையை அழுத்தித் தொங்கி முடிச்சு இறங்குகிறதா என்று பாருங்கள், தினமும்.

கிடத்திய பிறகு பக்கவாட்டில் குனிந்து தாடையைப் பாருங்கள். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அந்தத் தூளி ஆழமாகிவிட்டது, அவிழ்த்துக் கட்டுங்கள். வெளிச்சம் படாமலிருக்க மேலே சேலையைச் சேர்த்துத் துணி க்ளிப் மாட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வீட்டு வேலைக்கு நடுவே ‘தூங்குதா’ என்று எட்டிப் பார்க்கும்போது முகம் தெரிய வேண்டும். குப்புற விழப் பழகிய அன்றே தூளிக்கு விடை கொடுத்துவிடலாம்.

இன்னொன்று. குழந்தை இல்லாத நேரத்தில் தூளியைச் சுருட்டி மேலே செருகுங்கள், முடிந்தால் அவிழ்த்தே விடுங்கள். 6, 8, 10 வயதுப் பிள்ளைகள் அதில் ஏறிச் சுற்றிச் சுற்றி விளையாடும்போது சேலை முறுக்கிக் கழுத்தை இறுக்கும் விபத்துகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

கார் சீட், குழந்தை வண்டி, ஆடும் நாற்காலி இவற்றுக்கும் தூளிக்குச் சொன்னதேதான்: பயணத்தில் தூங்கலாம், ஊர் வந்து சேர்ந்ததும் எடுத்துச் சமதளத்தில் போட்டுவிட வேண்டும்.

வெக்கை, குளிர், குல்லா

குழந்தைக்குக் குளிரும் என்ற பயம் நமக்கு அதிகம், புழுங்கும் என்ற நினைப்பு குறைவு. மே மாதச் சென்னையில் குல்லா, கை உறை, கால் உறை, ப்ளானல் துணி எல்லாம் போட்டு முகம் மட்டும் தெரிய வைத்திருப்பார்கள். குழந்தை தன் சூட்டில் கணிசமான பங்கைத் தலை வழியாக வெளியேற்றுகிறது. அதிகச் சூடு திடீர் சிசு மரணத்தின் ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்று. குல்லா நழுவி மூக்கை மூடும் ஆபத்து தனி. பிறந்த முதல் சில மணி நேரத்துக்கும், எடை குறைந்த குழந்தைக்கு மருத்துவர் சொன்ன காலம்வரையும் குல்லா தேவை. மற்றபடி வீட்டுக்குள் தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

சூடு பார்க்கக் கையையும் காலையும் தொடாதீர்கள். அவை எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடாக, உலர்ந்திருந்தால் போதும். பிசுபிசுப்பு, நனைந்த முடி, சிவந்த கன்னம், வேர்க்குரு என்றால் ஒரு துணியைக் குறையுங்கள். உங்களுக்கு எத்தனை அடுக்குத் துணி வேண்டுமோ அதைவிட ஒன்று கூடுதல், அதற்கு மேல் இல்லை. சமவெளிக் கோடையில் ஒரு மெல்லிய ஜப்லாவே முழு உடை.

ஏசியை 25 முதல் 27 டிகிரியில் வைத்து, காற்று நேராகப் படாத இடத்தில் படுக்கையைப் போடுங்கள். மின்விசிறி ஓடலாம், அறைக் காற்று புழங்குவது நல்லதே. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் தளர்ந்த கம்பளிக்குப் பதில் உடம்போடு சேர்ந்த முழுக்கை, முழுக்கால் உடைகளை அடுக்கிப் போடுங்கள். போர்வை தவிர்க்க முடியாதென்றால் குழந்தையின் பாதம் படுக்கையின் கால்மாட்டைத் தொடும்படி கீழே இறக்கிப் படுக்க வைத்து, மெல்லிய போர்வையை நெஞ்சளவு மட்டும் போர்த்தி மூன்று பக்கமும் படுக்கைக்கு அடியில் செருகுங்கள்.

துணியில் சுற்றுவதில் தவறில்லை, இரண்டு நிபந்தனையோடு. நெஞ்சுப் பக்கம் உங்கள் இரண்டு விரல் நுழையும் தளர்வு வேண்டும். இடுப்புக்குக் கீழே தவளைபோலக் காலை மடக்கி விரிக்க இடம் வேண்டும். காலை நீட்டி இறுக்கக் கட்டினால் இடுப்பு மூட்டு விலக வாய்ப்புண்டு. சுற்றிய குழந்தை மல்லாக்க மட்டுமே கிடக்க வேண்டும். புரள முயலத் தொடங்கிய நாளோடு சுற்றுவது முடிந்தது.

புகை, கொசு, கயிறு, உரை மருந்து

குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டித் தூங்கப் போடுவார்கள். தலை ஈரத்தை மென்மையான துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். அந்தப் புகையின் நுண்துகள் பிஞ்சு நுரையீரலுக்கு அடுப்புப் புகைதான். கொசுவத்திச் சுருளும் அதே கணக்கு. கொசுவுக்கு வலைதான் சரி. மடக்குக் குடை வலை 3, 4 மாதம்வரை ஆகும். அதை முகத்தில் படாமல் விறைப்பாக விரிக்க வேண்டும். கையால் இழுக்கத் தொடங்கியதும் பெரிய வலைக்கு மாறி, ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகுங்கள். வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால் வெளியே போய்ப் பிடித்து, சட்டை மாற்றி, கை கழுவிவிட்டு வருவது குறைந்தபட்ச மரியாதை.

கழுத்தில் கட்டும் கருப்புக் கயிறு, தாயத்து, சங்கிலி எல்லாம் தூங்கும்போது கழுத்தை நெரிக்கக் கூடியவை. திருஷ்டிக்கு வேண்டுமென்றால் கன்னத்தில் மை போதும். வசம்பு வளையலில் நூல் நைந்தால் மணி வாய்க்குப் போகும்.

நன்றாகத் தூங்கட்டும் என்று ஜாதிக்காயும் வசம்பும் உரசி நாக்கில் தடவுவது இன்னும் நடக்கிறது. எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எழவிடாமல் செய்வது எதுவானாலும் இந்த வயதில் அபாயம். 6 மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், மருத்துவர் எழுதிய மருந்தைத் தவிர. குறைந்தது 2 மாதம் தாய்ப்பால் கொடுத்தாலே திடீர் சிசு மரணத்தின் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது.

ஒரு இரவு, வரிசையாக

படுக்கும் முன் ஒரு முறை குழந்தையின் பாயைக் கையால் தடவிப் பாருங்கள். எதுவும் தட்டுப்படக் கூடாது. இரவு விளக்கு முகம் தெரியும் அளவுக்கு எரியட்டும்.

நடு இரவில் பால் கேட்டு அழுதால் எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து கொடுங்கள். கண் சொக்குகிறது, தூங்கிவிடுவேன் என்று தோன்றினால் சோபாவுக்குப் போகாமல், தலையணைகளை அகற்றிய உங்கள் பாயிலேயே கொடுங்கள். தூங்கிப்போனாலும் அது அவ்வளவு மோசமான இடமல்ல. முழிப்பு வந்த உடனே குழந்தையை அதன் பாய்க்கு மாற்றுங்கள். பால் முடிந்ததும் தோளில் சாய்த்து 10 நிமிடம் முதுகைத் தடவுங்கள். ஏப்பம் வராவிட்டால் அரை மணி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. முதலில் பாதமும் பிட்டமும், பிறகு முதுகு, கடைசியில் தலை என்று இறக்கினால் திடுக்கிட்டு விழிக்காது.

அம்மா பச்சை உடம்புக்காரி. இரண்டு இரவு தூங்காதவர் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அசந்து தூங்குவதே விபத்தின் தொடக்கம். ஒரு பால் நேரத்துக்குப் பிறகு ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, படுக்க வைப்பது அப்பாவின் வேலையாகட்டும்.

மாதம் ஏற ஏற

மல்லாக்கவே படுத்தால் “தலை சப்பையாப் போயிடும்” என்பார்கள். கொஞ்சம் தட்டையாவது உண்டு. அது மூளையைப் பாதிக்காது, உட்காரப் பழகிய பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு நாள் தலைமாட்டில், மறுநாள் கால்மாட்டில் என்று படுக்கும் திசையை மாற்றுங்கள். வெளிச்சத்தையும் அம்மாவையும் தேடிக் குழந்தை தலையை எதிர்ப்பக்கம் திருப்பும். விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்: முதலில் 3 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை, 7 வாரத்துக்குள் மொத்தமாக நாளுக்கு 15 முதல் 30 நிமிடம். கழுத்தும் தோளும் இதில்தான் பலப்படும்.

4 முதல் 6 மாதத்துக்குள் குப்புற விழும். மல்லாக்கவே படுக்க வையுங்கள். குப்புற விழவும் திரும்ப மல்லாக்கப் புரளவும் இரண்டும் தெரிந்துவிட்டால், அதுவாகப் புரண்டதை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். குப்புற விழ மட்டும் தெரிந்திருந்தால், பார்க்கும்போது திருப்பிவிடுங்கள்.

மூச்சு: எது சாதாரணம், எது அவசரம்

பச்சிளம் குழந்தை வேகமாக மூச்சு விடும், 5, 10 விநாடி நிறுத்தும், மறுபடி விடும். நிறமும் துடிப்பும் மாறாதவரை இது இயல்பு. 20 விநாடிக்கு மேல் நிறுத்தினால், உதடோ நாக்கோ நீலமானால், உடல் தொய்ந்தால் உடனே மருத்துவமனை. தூங்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்ததில் 2 மாதத்துக்குட்பட்ட குழந்தை 60 முறையோ அதற்கு மேலோ, 2 முதல் 12 மாதக் குழந்தை 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலும், விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள்.

குழந்தை அசையவில்லை, மூச்சு இல்லை என்றால்: உள்ளங்காலைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையேல் கத்தி ஆள் கூப்பிட்டு, 108க்கு அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். இரண்டு முலைக்காம்புக்கும் நடுவே, சற்றுக் கீழே, நெஞ்செலும்பின் மேல் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தையோ, நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களையோ வைத்து, 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 30 முறை அழுத்துங்கள். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள். பிறகு தலையை நேராக வைத்து, தாடையை லேசாகத் தூக்கி, குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும் இரண்டு முறை ஊதுங்கள். கன்னத்தில் நிற்கும் காற்று போதும். மறுபடி 30, மறுபடி 2. குழந்தை மூச்சு விடும்வரை, அல்லது ஆம்புலன்ஸ்காரர் வாங்கிக்கொள்ளும்வரை நிறுத்தாதீர்கள். வாயில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுங்கள், உள்ளே விரல் விட்டுத் துழாவ வேண்டாம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, உலுக்குவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. மூச்சு தானாகத் திரும்பி, அழுது, பால் குடித்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.